மடக்குச் சைக்கிளும் ஓடத் தெரிந்த மாப்பிள்ளையும்

சத்தம் போடாத கார் எங்கள் தோட்டத்துக்குச் சரிப்பட்டு வராது. லொறியோ பஸ்ஸோ வளைவைத் தாண்டுவதற்கு முன்பே இரைச்சலைக் கேட்டு எழுந்து போகிற நாய்கள்தான் எங்கள் ரோட்டில் படுத்திருக்கின்றன. என் மைத்துனன் சுதனுடைய மின்சாரக் கார் வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னால் வந்தபோது, மூன்று நாய்களில் ஒன்றுகூடத் தலையைத் தூக்கவில்லை. அவன் இறங்கி, ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பிவிட்டு, மறுபடி ஏறி, மிச்சம் இருபது அடியை ஓட்டி வந்தான்.

சுதன் என் மனைவி யோகாவின் தம்பி. கொழும்பில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். எங்களைக் கடலோரம் கூட்டிப்போய் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலை மாடியில் கொழுந்து வாட்டுகிறவன். இருபத்தாறு வருடமாக அதே மாடி. காற்றாடிச் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்குக் காது சூடாகிவிடும்.

கார் ஜப்பானில் ஓடிக் களைத்தபின் இங்கே வந்தது. உள்ளே எல்லாம் ஜப்பான் எழுத்து. பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் குரல் மரியாதையாக எதையோ நீளமாகச் சொல்கிறது. அது என்ன என்று சுதனுக்கும் தெரியாது. “நல்லதாத்தான் சொல்லுறா போல கிடக்கு, அத்தான்” என்றான். பேட்டரி பழசு. புதிதில் போன தூரத்தில் பாதிதான் இப்போது போகும். அதைக் கேட்டதும் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற முனியம்மாக்கா, “அப்பன்னா இது அரைப்பேரு காரு” என்று பெயர் வைத்துவிட்டார். சொன்ன அளவு கொழுந்து பறிக்காதவருக்குத் தோட்டத்தில் அரை நாள் வேலைதான் எழுதுவார்கள். அதற்குப் பெயர் அரைப்பேர். அதற்கப்புறம் அந்தக் காரை யாரும் வேறு பெயர் சொல்லி அழைக்கவில்லை, சுதன் உட்பட.

பிறகு அவன் பின்கதவைத் திறந்தான். உள்ளே இரண்டு மடக்குச் சைக்கிள்கள், காலை மடித்துப் படுத்த ஆடுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.

“அக்காவும் அத்தானும் கடற்கரை ரோட்டில ஓடுறதுக்கு” என்றான்.

யோகா சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினாள். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அது யோகாவுக்குத் தெரியாது.

இது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். யோகா கிளிநொச்சிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா காலத்தில் தோட்டத்தை விட்டு அங்கே போய்க் குடியேறிய குடும்பம். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். சண்டை ஓய்ந்து ரோடு திறந்திருந்த காலத்தில் பெண் பார்க்கப் போனோம். அவர்கள் வீட்டு மாமரத்தில் ஆறு சைக்கிள்கள் சாய்ந்திருந்தன. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். பலகாரம் வந்தது, தேத்தண்ணி வந்தது, பேச்சு நின்றுபோனது. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: “அம்மா, அவர் ஓடுவாரோ எண்டு கேளுங்கோ.”

எங்கள் பக்கத்தில் வண்டியை ஓட்டுவோம். ஓடுவது காலால் மட்டும். அவர்கள் பக்கத்தில் காரையும் ஓடுவார்கள், சைக்கிளையும் ஓடுவார்கள். எனக்கு அது தெரியாது. பெண்ணுக்கு ஓடக்கூடிய மாப்பிள்ளை வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர்கள் அங்கே பட்ட பாட்டுக்கு அது நியாயமான கேள்வியாகவும் பட்டது. காது சூடாக, “ஓடுவேங்க. இஸ்கூல் போட்டியில ரெண்டாவதா வந்தேன்” என்றேன். வீடே சிரித்தது. சம்பந்தம் முடிந்தது.

கல்யாணமாகி ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் விளங்கியது. “சைக்கிள் ரேஸில ரெண்டாவதா வந்தவர்” என்று யோகா தன் சித்தியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதே திருத்தியிருக்கலாம். ஆனால் சித்தியோடு இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது.

தோட்டம் என்னைக் காப்பாற்றியது. எங்கள் ரோட்டில் மேலே போகும்போது சைக்கிளைத் தள்ள வேண்டும், கீழே வரும்போது இழுத்துப் பிடிக்க வேண்டும். ஏறி உட்கார இடமே கிடையாது. “சமதரை கிடைச்சா ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல போவோம்” என்று யோகா சொல்லும்போதெல்லாம் நானும் தலையை ஆட்டி வந்தேன். இப்போது மூன்று நாளுக்குச் சமதரை கிடைத்துவிட்டது.

தோட்டத்திலிருந்து சந்தி வரை இறக்கம். இறக்கத்தில் பேட்டரி தானாக ஏறும் என்று சுதன் காட்டினான். எண்பதில் கிளம்பிய கார் பெல்மதுளையில் எண்பத்துநாலு காட்டியது. சும்மா கீழே இறங்குகிறவனுக்கும் பேர் போடுகிற நிர்வாகத்தை அன்றுதான் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷம் கஹவத்தையோடு சரி. ஏசி போட்டால் பேட்டரி இறங்குமாம், அதனால் ஏசி இல்லை. கொடகவெல தாண்டியதும் அடுப்பைத் திறந்து வைத்த மாதிரி காற்று அடித்தது. கொழுந்தை நன்றாக வாட்டி எடுத்து உள்ளங்கையில் இறுக்கினால் உருண்டையாக நிற்கும், அதுதான் பதம். எம்பிலிப்பிட்டியவில் இறங்கியபோது நான் அந்தப் பதத்தில் இருந்தேன்.

அங்கே ஒரு கராஜில் காரை மூன்று மணி நேரம் கரண்டில் போட்டோம். பக்கத்தில் டயர் மாற்ற வந்திருந்த லொறிக்காரர் ஒருவர், வயரையும் காரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: “போனை மாதிரித்தானே? ராத்திரியில தலகாணிக்குப் பக்கத்துல வச்சுக்குவீங்களா?”

“இல்ல அய்யே, இது குறட்டை விடாது. அதான் தனியாப் படுக்க வைக்கிறோம்” என்று யோகா, அவரை அண்ணன் முறை வைத்து, சிங்களத்திலேயே திருப்பிக் கொடுத்தாள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னதில் லொறிக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் காது சூடாகியது.

எதிரே உள்ள கடையில் தேத்தண்ணி குடித்தோம். எங்கள் மாடியில் கூட்டித் தள்ளுகிற தூசி எங்கே போகிறது என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் இருந்தது.

நாங்கள் தங்கிய வீடு தங்காலைக்குக் கிழக்கே, கடலுக்கு நூறு அடி தள்ளி. கடல் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. சுதன் அதை ரசித்தான். எனக்கு அது வாட்டுமாடியில் எல்லாக் காற்றாடியும் ஓடுகிற சத்தம் போலவே இருந்தது. வேலைக்குப் போனது போலவும் இருந்தது, போகாதது போலவும் இருந்தது.

சாயந்தரமே யோகா சைக்கிளை விரித்துவிட்டாள். நடுவில் ஒரு கீல், அதற்கு ஒரு கொக்கி, அதை அழுத்திப் பூட்ட வேண்டும். ஒரு நிமிடத்தில் செய்தாள். சேலையை இழுத்துச் செருகி, ஒரு காலை மிதியில் வைத்து இரண்டு எட்டு உந்தி, ஏறிப் போய்விட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் முதுகு அவ்வளவு நேராக இருந்து நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து மணியை அடித்து, “இஞ்சேருங்கோ, வாங்கோ!” என்றாள்.

யோகாவின் பேச்சில் பாதி இப்போது எங்கள் பேச்சுதான். தம்பியைக் கண்டாலோ, சந்தோஷம் வந்தாலோ, கோபம் வந்தாலோ கிளிநொச்சிக்குப் போய்விடும்.

“இடுப்பு புடிச்சுக்கிச்சு” என்றேன். “கார்ல உக்காந்து வந்தது.”

“நாளைக்கு?”

“நாளைக்குப் பாப்போம்.”

சனிக்கிழமை விடியும்போது எழுந்து, ஒரு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனேன். ஒரு காலையில் பழகிவிடலாம் என்பது என் கணக்கு. ஏழு வயதுப் பிள்ளைகள் பழகுகிறார்கள். வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளிக் கடலோரமாக ஒரு குறுகிய ஒழுங்கை, அதன் ஓரத்தில் பாய் விரித்து நெத்தலி காயப்போட்டிருந்தார்கள். ஆள் இல்லை என்று நினைத்து ஏறினேன். விழுந்தேன். ஏறினேன். விழுந்தேன்.

“சக்கரத்தைப் பார்க்காதீங்க மல்லி, தூரமாப் பாருங்க” என்று சிங்களத்தில் ஒரு குரல். மீன் பாய்களுக்கு நடுவே ஒரு அம்மாள் குந்தியிருந்தார். எனக்கு நாற்பத்தெட்டு வயது. அவருக்கு என்னைவிட ஐந்து வயது குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் சைக்கிளில் விழுகிறவன் எல்லாருக்கும் மல்லி, தம்பிதான் போலிருக்கிறது.

தூரமாகப் பார்த்தேன். சைக்கிள் போனது. பத்து முழம், பதினைந்து முழம். உலகத்திலேயே அதைவிட எளிய காரியம் இல்லை என்று தோன்றியது. அப்போதுதான் நடுவில் உள்ள கொக்கியைப் பூட்டவில்லை என்பது சைக்கிளுக்கு ஞாபகம் வந்தது. என்னை மேலே வைத்துக்கொண்டே அது மடங்கியது. முன்சக்கரம் பின்சக்கரத்தைப் பார்க்க வந்தது. நான் நெத்தலிப் பாய்க்கு நடுவில் போய் உட்கார்ந்தேன்.

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் காக்கைகள் எழுந்து பறந்தன. பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சட்டைப் பையிலிருந்த மீனை நானே பொறுக்கிப் பாயில் போட்டேன்.

அறைக்கு வந்தபோது யோகா மூக்கைச் சுருக்கினாள். “என்னங்க வாடை?”

“கடல்” என்றேன்.

மத்தியானம் இடுப்பைச் சாக்காக வைத்துப் படுத்திருந்தேன். சுதனும் யோகாவும் விறாந்தையில் இருந்தார்கள். வாசலில் ஒரு பெண் கருவாடு விற்க வந்தார். குரலைக் கேட்டதுமே போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

“நெத்தலி நல்லதுதானா?” என்று யோகா சிங்களத்தில் கேட்டாள்.

“நல்லது நங்கி. கொஞ்சம் நசுங்கியிருந்தா யோசிக்காதீங்க, காலையில ஒரு மனுசன் அதுமேல உக்காந்துட்டார்” என்று அந்த அம்மாள் ஆரம்பித்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எத்தனை தடவை விழுந்தேன், எப்படி விழுந்தேன், சைக்கிள் எப்படி மடங்கியது, பையிலிருந்து மீனை எப்படி ஒவ்வொன்றாக எடுத்தேன். “அவ்வளவு பெரிய ஆளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியல. பாவம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசல. காது மட்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்துபோச்சு.”

யோகா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நடுவில் நின்றது. காதைப் பற்றிச் சொன்னதில்தான் நின்றிருக்க வேண்டும்.

உள்ளே வந்தாள். போர்வையைக் கால் பக்கமாகத் தூக்கினாள். முழங்கால் இரண்டும் உரிந்திருந்தன.

“உங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதோ?”

“தெரியாது.”

“ரேஸில ரெண்டாவதா வந்தன் எண்டு சொன்னனீங்கள்?”

“அது ஓட்டப் பந்தயம். காலால ஓடுறது. நீ ஓடுவாரோன்னுதான கேட்ட?”

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “எத்தினை பேர் ஓடினவை?” என்றாள்.

“மூணு பேரு. ஒருத்தன் வழியில விழுந்துட்டான்.”

“அப்ப ரெண்டாவது எண்டா கடைசி.”

நான் போர்வையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டேன்.

“மலைநாட்டுக்குப் போகமாட்டன் எண்டு அம்மாவோட மூண்டு நாள் சண்டை பிடிச்சனான்” என்றாள். குரல் உயரவில்லை; உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அங்க போனா ஒரு மூலையில கிடக்கவேணும் எண்டு பயம். ஓடத் தெரிஞ்ச மனுசன் எண்டா எங்கையும் கூட்டிக்கொண்டு போவார் எண்டு நினைச்சன். அந்த ஒரு சொல்லுக்குத்தான் ஓம் எண்டனான். தெரியாது எண்டு ஒரு நாள் சொல்லியிருந்தா நான் பழக்கியிருக்கமாட்டனோ?”

எழுந்து போய், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பொழுது சாயும்போது, முகம் கறுத்து, கால் முழுக்க மணலோடு வந்தாள்.

சாப்பாட்டில் புளிபோட்டு வற்றவைத்த சூரைமீன் இருந்தது. வாழ்நாளில் அவ்வளவு ருசியான மீனை நான் சாப்பிட்டதில்லை. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. யோகா சுதனிடம், “உன்ர அத்தானிட்டச் சொல்லு, உப்பை இஞ்சால தள்ளட்டாம்” என்றாள். உப்பு என் கைக்கும் அவள் கைக்கும் நடுவில் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சுதன் என்னிடம், “அத்தான், உப்பு” என்றான். நான் தள்ளினேன். “தாங்ஸ் எண்டு சொல்லு” என்றாள் அவனிடம்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் நாள். இரவு முழுக்கக் கார் சார்ஜில் கிடந்தது என்றுதான் நினைத்தோம். வீட்டுக்கார அம்மா விடியற்காலை துணி அயர்ன் பண்ணுவதற்காக முந்தின இரவே பிளக்கை மாற்றி வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவர் வீட்டுப் பிளக். அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு புத்த கோயிலுக்கு, பன்சலைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் பார்த்தோம். “மெயின் ரோட்டுக்குப் போனா எங்கையாவது போடலாம்” என்றான் சுதன்.

குறுக்கு ரோட்டில் இரண்டு மைல் போயிருப்போம். கண்ணாடிக்குக் கீழே மஞ்சளாக ஒரு ஆமைப் படம் எரிந்தது. ஜப்பான்காரப் பெண் எதையோ சொன்னாள். இந்த முறை எல்லாருக்கும் விளங்கியது. அரைப்பேர் கார் கால்பேர், அரைக்கால்பேர் என்று குறைந்து, எருமைத் தயிர்ச் சட்டிகள் அடுக்கிய ஒரு கடை வாசலில் நின்றுவிட்டது.

கடைக்காரர் நல்ல மனிதர். “கரண்ட்தானே? எடுத்துக்குங்க. அதுவரைக்கும் தயிர் சாப்பிடுங்க” என்று சட்டியை உடனே நீட்டினார். சுதன் பின்கதவைத் திறந்தான். சைக்கிள்கள் இருந்தன. பைகள் இருந்தன. வயர் இல்லை.

“விறாந்தைக் கதிரையில வச்சனான்” என்றான் சுதன், மெதுவாக. “சைக்கிளை முதல் ஏத்துவம் எண்டு.”

வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. பன்சலையில் பெரிய தானமாம், ஊரில் உள்ள திரீவீல் ஆட்டோ எல்லாம் அங்கேதான் என்றார் கடைக்காரர். அந்த ரோட்டில் பஸ்ஸும் கிடையாது.

யோகா ஒரு சைக்கிளை இறக்கி விரித்தாள். கொக்கியைப் பூட்டினாள், எனக்குக் கேட்கும்படி. “நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்” என்றாள் தம்பியிடம்.

“நானும் வாறேன்” என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. சுதன், கடைக்காரர், தயிர் வாங்க வந்த இரண்டு பேர் என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காது சூடாகியது. பரவாயில்லை என்று விட்டேன்.

நேற்று மத்தியானத்துக்குப் பிறகு யோகா முதல்முறையாக என்னைப் பார்த்தாள். “எப்பிடி?”

“ஓடித்தான்.”

செருப்பைக் கழற்றிக் கடை வாசலில் விட்டேன். காற்சட்டையை முழங்கால்வரை மடித்தேன். அவள் ஏறி உந்தினாள். நான் ஓடினேன்.

முதல் கால் மைல் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மலையில் ஏறி இறங்கிய கால்கள் என்னுடையவை; சமதரை அவற்றுக்கு விளையாட்டு. மூச்சுத்தான் வேறு கட்சியில் இருந்தது. வேலியோரம் பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர், “அய்யே, மனுசி சைக்கிளோட ஓடிட்டாவா? விடாதீங்க, பிடிங்க!” என்று சிங்களத்தில் உற்சாகப்படுத்தினார். இரண்டு நாய்கள் என்னோடு சேர்ந்துகொண்டன. சத்தம் போட்டு ஓடுகிறவனை நாய்களுக்குப் பிடிக்கிறது.

கடல் தெரிகிற வளைவில் சைக்கிள் மெதுவானது. நான் பக்கத்தில் வந்தேன். கொஞ்ச தூரம் அப்படியே போனோம், பக்கத்தில் பக்கத்தில். அவள் முன்னால் பார்த்தபடியே கேட்டாள்:

“நெஞ்சு நோகுதோ?”

“இல்ல.”

“பொய்.”

“ஆமா. பொய்.”

“சரி. இனி உண்மையைச் சொல்லிப் பழகுங்கோ” என்றாள். மணியை ஒருமுறை அடித்தாள். பிறகு சீட்டை விட்டு எழும்பி நின்று மிதிக்க ஆரம்பித்தாள்.

என்ன விஷயம் என்று எனக்கு உடனே விளங்கியது. கைகளை வீசி, வாயைத் திறந்து, பள்ளிக்கூடத்தில் ஓடியதைவிட நன்றாக ஓடினேன். நாய்கள் இரண்டும் பாதியில் விலகிக்கொண்டன. நெத்தலிப் பாய்களைக் கடக்கும்போது அந்த அம்மாள் எழுந்து நின்று, “மல்லி, சைக்கிள் எங்கே?” என்று கத்தினார். எனக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. முன்னால் காட்டினேன்.

நான் வாசலில் போய் விழுந்தபோது யோகா விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். வயரை மாலை மாதிரி கழுத்தில் போட்டிருந்தாள். வாளியில் தண்ணீர்கூட மொண்டு வைத்திருந்தாள்.

“இண்டைக்கும் ரெண்டாவதுதான் வந்திருக்கிறியள்” என்றாள்.

ஓடியதே இரண்டு பேர்தான். நான் அதைச் சொல்லவில்லை. அவளே சொல்லிச் சிரிக்கட்டும் என்று தண்ணீரைக் குடித்தேன்.